ஜோர்ஜ் அழகையா யாருக்குக் கடன்காரன்?

2023 யூலை 24. கறுப்பு யூலை நடந்து 40 வருசம் என்று எங்கட சனம் மெழுகுதிரி கொளுத்திக் கொண்டிருந்த நேரம். அன்றைக்குத்தான் பிபிசி செய்தி வாசிப்பாளர் ஜோர்ஜ் அழகையா காலமானார். 67 வயது. ஒன்பது வருசமாக கான்சரோடு மல்லுக்கட்டியவர்.

செய்தி வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் என்ரை போனுக்கு இரண்டு விதமான மெசேஜ் வரத் தொடங்கியது. "ஈழத்தாய் பெற்ற தவப்புதல்வன்", "உலகத் தமிழரின் பெருமை" என்று பூமாலை போட்ட படங்கள் ஒரு பக்கம். "முள்ளிவாய்க்காலில் சனம் சாகேக்கை வாய் திறக்காத ஆளுக்கு என்ன கண்ணீர் அஞ்சலி?" என்று மற்றப் பக்கம். இதில் பகிடி என்னவென்றால், ஒரே ஆள் மத்தியானம் முதலாவதையும் இரவு இரண்டாவதையும் அனுப்பியிருந்தார்.

அதுக்குப் பிறகு வருசங்கள் போய்விட்டன. வழக்கு மட்டும் தீரவில்லை. கலியாண வீடு, செத்த வீடு, கோயில் திருவிழா, எங்கே நாலு பேர் கூடி பிபிசியைத் திட்டத் தொடங்கினாலும் கடைசியில் அழகையாவில் வந்துதான் நிற்கும். என்னைக் கேட்டால் இரண்டு கட்சியும் பிழை. இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே நினைப்புத்தான்: அந்த மனிசன் எங்களுக்கு ஏதோ கடன்பட்டவர் என்பது. ஒரு கட்சிக்கு அந்தக் கடன் கட்டி முடிஞ்சுது. மற்றக் கட்சிக்கு இன்னும் கட்டவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"நீ ஒரு ரெஸ்ரோரன்ட் வேலைக்காரன், உனக்கு இதில என்ன கதை?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். கம்பஸில் இரண்டாம் வருசத்தோடு வெளிக்கிட்டு லண்டனுக்கு வந்தவன் நான். பட்டம் இல்லை. ஆனால் பின்னேரம் ஆறு மணி என்பது எங்கட குசினியில் நாங்கள் அவசரமாகச் சாப்பிடுகிற நேரம். சாப்பாட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்க முன்னம் கிடைக்கிற இருபது நிமிசம். பாரின் மூலையில் ரி.வி ஓடும். சத்தம் வைக்க விடமாட்டார்கள், கீழே எழுத்து மட்டும் ஓடும். அதில்தான் நான் வருசக்கணக்காக அழகையாவைப் பார்த்தேன். அவர் வாயசைக்க, ஒரு செக்கன் பிந்தி எழுத்து வரும். என்ரை இங்கிலிசில் பாதி அந்த எழுத்தில் இருந்து வந்தது. இதுதான் என்ரை தகுதி.

முதலில் அவரின் கதையை ஒழுங்காகச் சொல்ல வேணும், ஏனென்றால் சண்டை பிடிக்கிற பலருக்கு அது தெரியாது.

1955 நவம்பர் 22 இல் கொழும்பில் பிறந்தவர். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். தகப்பன் டொனால்ட் ஒரு என்ஜினியர். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1958 இல் கலவரம் நடந்தது. 1961 இல் அந்தக் குடும்பம் கானாவில். சுதந்திரம் கிடைச்சு நாலே வருசமான, நுக்ருமாவின் கானா. அங்கே ஆரம்பப் பள்ளி. பிறகு இங்கிலாந்தில் போட்ஸ்மத் நகரத்தில் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் விடுதி வாழ்க்கை. டரம் பல்கலைக்கழகத்தில் அரசியல் படிப்பு, அங்கே மாணவர் பத்திரிகைக்கு ஆசிரியர். மூன்றாம் உலக நாடுகளைப் பற்றி எழுதிய 'சவுத்' சஞ்சிகையில் ஏழு வருசம். 1989 இல் பிபிசி.

வந்தவுடனே கோட்டுப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தவர் இல்லை. ஜோகன்னஸ்பேர்க்கில் இருந்துகொண்டு ஆபிரிக்கா முழுக்க அலைந்தவர். சோமாலியாப் பஞ்சம், ருவாண்டா இனப்படுகொலை, புருண்டி, லைபீரியா, சியரா லியோன், பிறகு கொசோவோ. புருண்டிச் செய்திகளுக்காக 1994 இல் அம்னெஸ்ரி விருது. 2003 இல்தான் ஆறு மணிச் செய்திக்கு வாசிப்பாளராக வந்தார். அதுக்குப் பிறகுதான் எங்கட சனத்துக்கு அவரைத் தெரியும். அதாவது அவரின் பெரிய வேலைகள் எல்லாம் முடிஞ்ச பிறகு.

இனிப் பெருமைக் கட்சிக்கு வருவோம்.

'அலகாயா' என்று வெள்ளைக்காரன் சொல்லும்போது நாங்கள் பக்கத்தில் இருந்து திருத்துவோம், "அழகையா, அழகையா" என்று. சரி, அந்தச் சந்தோசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கோ. பிறந்த நாட்டை ஐந்தாறு வயதில் விட்டுப் போனவர். வளர்த்தது கானா. படிப்பித்தது தகப்பனின் உழைப்பு. வேலை குடுத்தது பிபிசி. இதில் எங்கட பங்கு என்ன? ஒரு 'ழ'.

இதில் வேறு ஒரு கெடுதலும் இருக்கு. "பார், அவரும் எங்களை மாதிரி வந்தவர்தானே" என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவர் எங்களை மாதிரி வரவில்லை. தகப்பனுக்கு வேலை இருந்தது, மகனுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் இருந்தது. எங்களில் பெரும்பாலானவர்கள் காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி, லொறிக்குப் பின்னால் மூச்சடக்கி வந்தவர்கள். இரண்டிலும் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டையும் ஒன்றாக்கினால் அடி விழுவது யாருக்குத் தெரியுமா? கோப்பை கழுவுகிற பெடியனுக்கு. "அழகையாவால முடிஞ்சது உன்னால ஏன் முடியேல்லை?" என்று அவனைத்தான் கேட்பார்கள். வழி வேறு என்பதை மறைச்சுப் போட்டு, போய்ச் சேர்ந்த இடத்தை மட்டும் காட்டுவது நியாயம் இல்லை.

இந்த இடத்தில் எனக்கு அழகையாவோடும் ஒரு வழக்கு இருக்கு. 2006 இல் 'எ ஹோம் ஃபுறொம் ஹோம்' என்று ஒரு புத்தகம் எழுதினார். குடியேறிய பையன் ஒருவன் ஆங்கிலேய மனிதன் ஆன கதை என்று அட்டையிலேயே போட்டிருந்தது. குடிவந்த சமூகங்கள் தங்களுக்குள்ளேயே ஒதுங்கி வாழ்வது அவர்களுக்கே நல்லதில்லை என்பது அவரின் வாதம். ஐயா, விடுதியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு படுத்து எழும்பி வளர்ந்தவருக்கு அது சரிதான். விசா முடிவு வராமல் நாலு வருசம் ஐந்து வருசம் காத்துக்கொண்டிருக்கிறவனுக்கு வேலை குடுக்கிறவனும் தமிழன், அறை குடுக்கிறவனும் தமிழன். நாங்கள் ஒதுங்கிப் போகவில்லை. திறந்திருந்த ஒரே கதவுக்குள்ளால் போனோம், அவ்வளவுதான். இதை அவர் உயிரோடு இருந்தபோது யாராவது அவருக்கு நேரே எழுதியிருந்தால் அது உருப்படியான சண்டையாக இருந்திருக்கும். நாங்கள் அந்தப் புத்தகத்தை வாசிக்கவே இல்லை. வாசிக்காமலே 'வெள்ளைக்காரனா மாறினவன்' என்று பட்டம் குடுத்தோம்.

ஊரை மறந்தவர் என்றும் சொல்வார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அவர் இலங்கைக்குப் போய்த் தன்ரை தாத்தாவின் வீட்டைத் தேடினார். வீடு அழிஞ்சு போயிருந்தது. சின்ன வயதில் சகோதரிகளோடு விளையாடிய பழைய கிணறு ஒன்றைத்தான் அடையாளம் கண்டார். வலிகாமம் வடக்கில் ஆமி விட்ட காணிகளுக்குத் திரும்பிப் போன சனத்தைக் கேட்டுப் பாருங்கோ. வீடு இல்லை, மதில் இல்லை, பற்றைக்குள் கிணற்றைக் கண்டுதான் "இதுதான் எங்கட வளவு" என்று பிடிச்சவர்கள். மறந்தவனுக்கு எந்தக் கிணறு தன்ரை கிணறு என்று தெரியாது.

இனி மற்றக் கட்சி. துரோகிக் கட்சி.

2009 ஏப்ரலில் இருந்து யூன் வரைக்கும் வெஸ்ற்மினிஸ்ரரில் பாராளுமன்றத்துக்கு முன்னால் எங்கட சனம் 73 நாள் நின்றது. குசினி பூட்டினாப் பிறகு இரவு பஸ் பிடிச்சு நானும் போய் நின்றிருக்கிறேன். அங்கேதான் முதல் முதல் அந்தக் குரலைக் கேட்டேன்: "எங்கட ஆள் ஒருத்தன் பிபிசியில இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லுறானில்லையே!" அந்த நேரத்தின் வலியில் சொன்ன சொல். ஊரில் தாயும் தகப்பனும் பங்கருக்குள் கிடக்க இங்கே ரோட்டில் நின்ற சனத்தின் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பதினைந்து வருசத்துக்கும் மேலாக அதையே திருப்பித் திருப்பிச் சொல்வது வலி இல்லை, பழக்கம்.

செய்தி வாசிப்பாளர் என்ன வேலை செய்கிறார் என்று ஒருக்கால் யோசியுங்கோ. எந்தச் செய்தி போகும், எது முதல் போகும், எதுக்கு எத்தனை நிமிசம் என்று பார்ப்பது ஆசிரியர் பகுதி. அரை மணித்தியாலத்துக்குள் உலகம் முழுக்க அடங்க வேணும். எங்கட கடையில் கறிக்கு உப்புக் கூடினால் ஏச்சு வாங்குவது குசினியில் நிற்கிற ஆள் இல்லை, மேசைக்குக் கோப்பை கொண்டுபோகிற பெடியன். ஏனென்றால் சாப்பிட வந்தவருக்குத் தெரிகிற முகம் அதுதான். அழகையா விசயத்தில் நாங்கள் செய்வதும் இதுதான். வாசிப்பாளருக்கு ஒரு செல்வாக்கும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் செய்தி அறைக் கதவுக்குப் பின்னால் நடந்ததை வைத்து ஒரு மனிசனைத் துரோகி ஆக்குகிற ஒருவரும் அந்தக் கதவுக்குள் போனதில்லை.

வெளியிலே வந்து தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதே 2009 இல் என்ன நடந்தது என்று பாருங்கோ. அழகையா 'ஃபெயார்ரிறேட்' அமைப்புக்குப் புரவலராக இருந்தவர். ஏழை நாட்டு விவசாயியின் கோப்பிக்கும் வாழைப்பழத்துக்கும் நியாயமான விலை குடுங்கோ என்று கேட்கிற அமைப்பு. செய்தி வாசிப்பவருக்கு அது சரிவராது, பக்கம் சார்வது மாதிரி வரும் என்று பிபிசி அவரை அந்தப் பொறுப்பில் இருந்து விலகச் சொன்னது. விலகினார். வாழைப்பழத்துக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால் முள்ளிவாய்க்காலுக்கு? இந்த விதி எனக்கும் பிடிக்கவில்லை. அப்படியென்றால் விதியோடு சண்டை பிடியுங்கோ. பிபிசிக்கு லைசன்ஸ் காசு கட்டுகிற ஒவ்வொருவருக்கும் முறைப்பாடு எழுதுகிற உரிமை இருக்கு. அதை எழுதுவதற்கு ஒரு பின்னேரம் செலவழிக்க வேணும். 'துரோகி' என்று சொல்ல ஒரு செக்கன் போதும். அந்தச் சொல்லால் எங்களுக்குள் எத்தனை உயிர் போயிருக்கு என்று தெரிஞ்ச ஒரு சனம், இவ்வளவு லேசாக அதை வாயில் வைத்திருப்பதுதான் எனக்கு விளங்காத விசயம்.

"ஜோன் ஸ்னோ வெள்ளைக்காரன், அவன் செய்தானே" என்பது அடுத்தது. உண்மை. செனல் 4 இன் 'ஸ்ரீலங்காஸ் கில்லிங் ஃபீல்ட்ஸ்' படத்தை 2011 யூன் 14 இல் அவர்தான் தொகுத்து வழங்கினார். ஆனால் அது எப்படிச் செய்தி ஆனது? கை கட்டிய ஆட்களைச் சுடுகிற வீடியோவை 2009 ஓகஸ்டில் செனல் 4 க்குக் குடுத்தது, நாட்டை விட்டு ஓடிய பத்திரிகைக்காரர்களின் அமைப்பு ஒன்று. அதில் சிங்களவரும் இருந்தார்கள். அதுக்கு முதல் மே மாதம், முகாம் நிலைமையைச் சொன்னதுக்காகச் செனல் 4 ஆட்களை அரசாங்கம் நாட்டை விட்டே அனுப்பியது. தங்கட உயிரைப் பணயம் வைத்து யாரோ போனில் எடுத்தார்கள், யாரோ கடத்தினார்கள், யாரோ சரி பார்த்தார்கள். அதுக்குப் பிறகுதான் ஸ்னோ வாசித்தார். அப்படி இருந்தும் கொழும்பு 'போலி' என்றது. அதையே அழகையா வாசித்திருந்தால் அவ்வளவு சிரமமும் தேவைப்பட்டிராது. 'அவன் தமிழன்' என்ற இரண்டு சொல்லோடு கொழும்பு கதையை முடிச்சிருக்கும். சாட்சிக்குத் தேவை சாட்சியம். சாதிசனம் இல்லை.

ஊடகத்தோடு எப்படிச் சண்டை பிடிப்பது என்றும் எங்களில் ஒருவர் காட்டித் தந்திருக்கிறார். பாராளுமன்றத்துக்கு முன்னால் உண்ணாவிரதம் இருந்தவர் ஒளிச்சு பேர்கர் சாப்பிட்டார் என்று டெய்லி மெயிலும் சண் பத்திரிகையும் எழுதின. அவர் வழக்குக்குப் போனார். 2010 இல் இரண்டு பத்திரிகையும் மன்னிப்புக் கேட்டு, இரண்டுமாக 77,500 பவுண்ஸ் நட்டஈடும் குடுத்தன. பொய் எழுதியவனை நேரே பிடித்த சண்டை அது. அதைப் பற்றி எங்கட கொண்டாட்டங்களில் யாரும் கதைப்பதை நான் கேட்டதில்லை. அழகையாவைத் திட்டுவதுதான் சுகமாக இருக்கு.

சரி, அப்ப அந்த மனிசன் ஒருத்தருக்கும் கடன் இல்லையா? இருந்தது. யாருக்கு என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

2001 இல் வந்த 'எ பசேஜ் ரு ஆபிரிக்கா' என்ற அவரின் புத்தகத்தில் சோமாலியாவைப் பற்றி ஒரு பகுதி இருக்கு. சர்வதேச ஜி.சி.எஸ்.இ இங்கிலிஸ் பாடத்தொகுப்பிலும் அது இருக்கு, வீட்டில் பிள்ளை படித்தால் கேட்டுப் பாருங்கோ. 1991 முடிவுக்கும் 1992 டிசெம்பருக்கும் இடையில் அந்த நாட்டுக்குள் அலைந்த காலம். குஃப்கடூட் என்ற கிராமத்தில் பட்டினியால் செத்துக்கொண்டிருக்கிற சனத்தைப் படம் எடுக்கிறார்கள். ஒரு மனிசன் இவரைப் பார்த்துச் சிரிக்கிறான், ஒரு கண நேரம். எதுக்குச் சிரிச்சான் என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்கிறார். இந்த நிலைமையில் தன்னைக் கண்டுவிட்டீர்களே என்ற வெட்கம் என்று பதில் வருகிறது. அழகையாவுக்கு அது விடவில்லை. பார்க்கிறவன் நான், பார்க்கப்படுகிறவன் அவன் என்றிருந்த கணக்கை அந்தச் சிரிப்பு தலைகீழாக்கிப் போட்டது. அந்த ஆளின் பெயரைக்கூடத் தான் கேட்கவில்லை என்றும், அவனுக்குத் தான் கடன்பட்டிருப்பதாகவும் எழுதுகிறார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் முழுக்க வெளிக்கிட்டபோது எனக்குப் பதினைந்து வயது. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நிவாரண வரிசை. எனக்கு முன்னால் நின்றது என்ரை கணக்கு வாத்தியார், கையில் ஒரு வாளி. திரும்பி என்னைக் கண்டார். சிரிச்சார். வகுப்பில் நாங்கள் பிழை விட்டால் காதைத் திருகுகிற மனிசன். அந்தச் சிரிப்பைச் சோமாலியாவில் கண்டு, அதை எழுதி, வெள்ளைக்காரப் பிள்ளைகளும் பாடமாகப் படிக்க வைத்த ஒருவரைத்தான் 'எங்களுக்கு ஒன்றும் செய்யாதவர்' என்கிறோம். எங்களைப் பற்றி அவர் எழுதவில்லை என்று யார் சொன்னது? ஊரின் பெயர் மட்டும்தான் வேறு.

இப்ப நான் கேட்கிறேன். எங்களுக்காக அவர் கதைக்கவில்லை என்கிறோம். நாங்கள் யாருக்காகக் கதைக்கிறோம்? சூடானில் 2023 ஏப்ரலில் இருந்து சண்டை. அந்தச் செய்தி வந்தால் எங்கட வீடுகளில் ரிமோட் எங்கே போகிறது? சின்ன வள்ளத்தில் கடல் கடந்து டோவரில் இறங்குகிற சனத்தைக் கண்டால், சிவப்பும் நீலமுமாய் பாஸ்போட் எடுத்த எங்கட ஆட்கள் சிலர் சொல்கிற சொல்லைக் கேட்டிருக்கிறீர்களா? "இவங்கள் வந்து எங்கட பேரையும் கெடுக்கிறாங்கள்." அண்ணை, நீங்கள் வந்த லொறிக்கு யார் ரிக்கற் வெட்டினது?

எங்கட சனமே இன்னும் வள்ளத்தில்தான் போகுது. 2021 ஒக்ரோபரில் கனடாவுக்கென்று வெளிக்கிட்ட தமிழர் இந்து சமுத்திரத்தில் டியேகோ கார்சியா தீவில் போய்ச் சேர்ந்தார்கள். குழந்தை குட்டிகளோடு, எலி ஓடுகிற கூடாரங்களில், பிரிட்டிஷ்காரரின் காவலில் மூன்று வருசம். 2024 டிசெம்பரில்தான் பெரும்பாலானவர்களை இங்கே கொண்டு வந்தார்கள். அதுக்குள் எத்தனை தரம் அவர்களுக்காக ரோட்டில் இறங்கினோம்? அழகையா கதைக்கவில்லை என்று பேச எங்களுக்கு நேரம் இருந்தது. அந்த மூன்று வருசத்தில் அந்தத் தீவின் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிஞ்சவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

கடைசியாக ஒன்று. அவர் தன்ரை முகத்தை வைத்துக் கடைசிக் காலத்தில் செய்த வேலை ஒன்று இருக்கு. அது நேரடியாக எங்களுக்கு, அதுவும் குசினிக்காரருக்கு.

2014 ஏப்ரலில் அவருக்குக் குடல் கான்சர் என்று கண்டுபிடிச்சபோது 58 வயது. அதுக்குள் ஈரலுக்கும் பரவி நாலாம் கட்டத்தில் நின்றது. ஸ்கொட்லாந்தில் 50 வயதில் இருந்து எல்லாருக்கும் பரிசோதனை. இங்கிலாந்தில் அப்ப 60 இல் இருந்துதான். 2018 இல் அவர் வெளியிலே வந்து சொன்னார்: இங்கேயும் 50 என்று இருந்திருந்தால் எனக்கு 58 வயதுக்குள் பல தரம் பரிசோதித்திருப்பார்கள், முன்னமே பிடிச்சிருக்கலாம் என்று. 2021 இல் இருந்து இங்கிலாந்திலும் வயதைப் படிப்படியாகக் குறைச்சு, இப்ப 50 ஆக்கியிருக்கிறார்கள். அவர் ஒருத்தரால் நடந்தது என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டவர்களில் அவரும் ஒருவர், தன்ரை உடம்பையே செய்தியாக்கிக் கேட்டவர்.

எங்கட குசினிகளில் என்ன நடக்குது? இரத்தம் போனால் 'மூலவியாதி', 'மிளகாய்த்தூள் சூடு', 'நின்று வேலை செய்யிறதால' என்று எங்கட சொந்த வைத்தியம். 14 மணித்தியால வேலையில் ஜி.பி யிடம் போக ஏது நேரம்? ஜி.பி யில் பதியாத ஆட்களே இருக்கிறார்கள், பதிஞ்சால் ஹோம் ஒபிஸ் பிடிச்சுப்போடும் என்ற பயத்தில். ஜி.பி யில் பதிய விசாக் கடுதாசி தேவையில்லை. பதிந்தால்தான் 50 வயதில் அந்தப் பக்கற் வீட்டுக்கு வரும். ஒரு சின்னக் குப்பி, ஒரு குச்சி, மலத்தில் ஒரு துளி, திரும்பித் தபாலில் போட வேண்டியதுதான். காசு இல்லை. எங்களோடு வேலை செய்த ஒரு அண்ணைக்கு ஸ்கொட்லாந்தில் இருந்தபோது வந்த பக்கற், அவர் லண்டனுக்கு மாறி வந்த சாமான் பெட்டிக்குள் உடைக்காமல் கிடந்தது. அவரின் செத்த வீட்டுக்குப் பிறகுதான் மனிசி அதைக் கண்டவா.

ஆகவே, அழகையாவில் பெருமைப்படுகிறவர்களும் சரி, கோபப்படுகிறவர்களும் சரி, 50 தாண்டியிருந்தால் அந்தக் கடித உறையை உடையுங்கோ. 50 ஆகாதவர்கள், இரத்தம் கண்டாலும் வயிற்றுப் போக்கில் மாற்றம் தெரிஞ்சு மூன்று கிழமைக்கு மேல் நின்றாலும் லீவு கேட்டுக்கொண்டு ஜி.பி யிடம் போங்கோ. முதலாளி லீவு தராவிட்டால் என்னைத் திட்டுங்கோ, பரவாயில்லை. அந்த மனிசனை இனி விடுங்கோ.